சோற்றில் எவ்வளவு வெப்பம்?

ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ நாலரை கிராம். அதைச் சொட்டு மிச்சமில்லாமல் எரித்து, வரும் வெப்பம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் செலுத்தினால் தண்ணீர் 40 டிகிரி சூடேறும். குழாயில் பிடித்த தண்ணீர் கைவைக்க முடியாத வெந்நீராகிவிடும். அதே எண்ணெயைத் தோசைக்கல்லில் ஊற்றி, அந்தத் தோசையைச் சாப்பிட்டால், உடம்பும் கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தீ இல்லை, புகை இல்லை. 37 டிகிரி வெப்பநிலையில், ஈரமான திசுக்களுக்குள், ஓசைப்படாமல் அந்த எரிதல் நடந்து முடிகிறது.

கலோரி என்பது இந்த வெப்பத்தின் அளவுதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. உணவுப் பொட்டலங்களின் முதுகிலும் உடல்நலச் செயலிகளிலும் 'கலோரி' என்று நாம் பார்ப்பது இந்தக் கிலோகலோரியைத்தான். இன்று எத்தனையோ பேர் காலை இட்லியிலிருந்து இரவுப் பால் வரை ஒவ்வொன்றையும் இந்த எண்ணாக மாற்றிக் கைபேசியில் பதிகிறார்கள். உடல் இளைக்க, சர்க்கரையைக் கட்டுப்படுத்த, மூட்டுவலியைக் குறைக்க என்று ஆளுக்கொரு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, அது பிறந்த இடத்துக்கு ஒருமுறை போய் வரவேண்டும்.

பனிக்கட்டிக்கு நடுவே ஒரு சிறு விலங்கு

1783-இல் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியரும் கணிதமேதை லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியை உலோகக் கூட்டுக்குள் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்பினார்கள். விலங்கின் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகி நீராகிறது என்று அளந்தார்கள். அது மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயுவைத் தரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஓரளவு நெருங்கி வந்தன. மூச்சு விடுவதும் மெல்ல நடக்கும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். உயிருள்ளவை தனி விதிகளால் இயங்குகின்றன என்று நம்பிய காலத்தில் இது துணிச்சலான கூற்று.

மனிதனிடம் இதைத் துல்லியமாக அளக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1890-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் நகரிலிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளரும் எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளரும் ஓர் அறையைக் கட்டினார்கள். நீளம் ஏழு அடி, அகலம் நான்கு அடி, உயரம் ஆறரை அடி. உட்சுவர் செம்பு, வெளிச்சுவர் துத்தநாகம். உள்ளே மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. ஒருவர் அதற்குள் நாள்கணக்கில் தங்குவார். உணவு ஒரு சிறு திறப்பு வழியே போகும். அவர் உண்பது, கழிப்பது, மூச்சில் விடுவது எல்லாம் அளக்கப்படும். குழாய்களில் ஓடும் தண்ணீர் அவர் உடல் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். எவ்வளவு தண்ணீர் எத்தனை டிகிரி சூடாயிற்று என்று பார்த்தால் அவர் செலவிட்ட வெப்பம் தெரிந்துவிடும். சிலரை உள்ளே மிதிவண்டிப் பொறியை மிதிக்கவைத்தும் அளந்தார்கள்.

உணவாக உள்ளே போன ஆற்றலும், வெப்பமாகவும் உழைப்பாகவும் வெளியே வந்த ஆற்றலும் ஏறக்குறைய ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லாமல் பொருந்தின. நீராவி எஞ்சினுக்கும் விண்மீனுக்கும் பொருந்தும் ஆற்றல் அழியாமை விதி, கட்டிலில் படுத்துப் புத்தகம் வாசிக்கும் மனிதனுக்கும் அப்படியே பொருந்துகிறது! கலோரி பொய் என்று சொல்பவர்கள் இந்தச் செம்பு அறையை மறந்துவிடுகிறார்கள். அந்த அடிப்படையை இன்றுவரை எவரும் அசைத்ததில்லை.

நான்கு, ஒன்பது, நான்கு

செயலிகளும் பொட்டலங்களும் பயன்படுத்தும் கணக்கு அட்வாட்டர் குழுவினர் தந்ததுதான். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, புரதத்துக்கு 4 கலோரி. இவை வெறுமனே எரித்துப் பார்த்த எண்கள் அல்ல. புரதத்தை ஆய்வுக்கலத்தில் எரித்தால் கிராமுக்கு ஐந்தரைக்கும் மேல் கிடைக்கும். ஆனால் உடம்பு புரதத்தை முழுதாக எரிப்பதில்லை. அதன் நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது, அதோடு கொஞ்சம் ஆற்றலும் போய்விடும். செரிக்காமல் மலத்தில் போவது வேறு. இவற்றையெல்லாம் பலவகை உணவுகளில் அளந்து, கழித்து, சராசரி எடுத்து வந்தவையே அந்த மூன்று எண்கள். 'சராசரி' என்ற சொல்லை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்வாட்டரின் நோக்கம் யாரையும் இளைக்கவைப்பதாக இருக்கவில்லை. கூலி வாங்கும் தொழிலாளி கையிலுள்ள காசுக்கு எதை வாங்கினால் அதிக ஊட்டம் பெறுவான் என்பதே அவர் கவலை. அந்தக் கணக்கில் கீரையும் காய்களும் பழங்களும் தோற்றுப்போயின. கொடுக்கும் விலைக்கு அவற்றில் கலோரி குறைவு. வைட்டமின் என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது. அட்வாட்டர் 1907-இலேயே இறந்துவிட்டார். உணவை ஒரே எண்ணால் அளந்தால் எது கண்ணில் படாமல் போகும் என்பதற்கு, அந்த எண்ணைத் தந்தவரே முதல் சான்றாகிவிட்டார்.

அந்த இருட்டை விலக்கியவற்றில் ஒன்று நம் நீலகிரியில் நடந்த பணி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கள் கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை மெலிந்து பின்தங்கின. மெக்காரிசனுக்குப் பின் வந்த வாலஸ் எய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு ஒரு கையேடு வெளியிட்டார். அதில் கலோரியோடு புரதம், தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாம் இடம்பெற்றன. அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2017-இல் அது வெளியிட்ட அட்டவணையில் 528 இந்திய உணவுகளின் பகுப்பாய்வு உண்டு. செயலியில் கேழ்வரகுக்கும் முருங்கைக்கீரைக்கும் நேரே தெரியும் எண்களுக்குப் பின்னால், குன்னூரில் தொடங்கிய ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

கலோரியை உடல் இளைப்போடு இணைத்தவர் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918-இல் அவர் எழுதிய நூல், எந்த உணவையும் நூறு கலோரிப் பங்குகளாகப் பார்க்கும்படி வாசகர்களைப் பழக்கியது. லட்சக்கணக்கில் விற்றது. இன்றைய செயலிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

எண் எங்கே தடுமாறுகிறது

தட்டிலிருந்து திசு வரை உணவு போகும் வழியில் மூன்று இடங்களில் இந்தக் கணக்கு நெகிழ்கிறது.

முதல் இடம் உணவு. 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பாதாம் பருப்பைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, கழிவில் வெளியேறியதையும் அளந்தார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி என்று பழைய கணக்கு சொன்னது. உடம்புக்குக் கிடைத்தது 129 மட்டுமே. நாம் என்ன மென்றாலும் பருப்பின் செல்சுவர்கள் பல உடையாமலே குடலைக் கடந்துபோகின்றன. உள்ளிருக்கும் கொழுப்பும் அவற்றோடு போய்விடுகிறது. நிலக்கடலையிலும் இதே கதைதான். முழுக்கடலையாகத் தின்றால் கொஞ்சம் கொழுப்பு தப்பிப்போகும், வெண்ணெய்போல் அரைத்துத் தின்றால் பெரும்பகுதி உள்ளே சேரும். அரைப்பதும் வேகவைப்பதும் உடம்பு செய்யவேண்டிய வேலையை அடுப்பும் கிரைண்டரும் முன்கூட்டியே செய்துவிடுவதாகும். சோறு ஆறினாலும் கொஞ்சம் மாறுகிறது. குளிர்ந்த மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குப் போகிறது. பழைய சோற்றில் இந்தச் சிறு மாற்றம் உண்டு. ஆனால் அதைச் சாப்பிட்டே இளைத்துவிடலாம் என்று எண்ணுமளவுக்கு அது பெரிதல்ல.

செரிப்பதற்கே செலவும் உண்டு. புரதத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரித்து உடம்பில் சேர்ப்பதற்கே போய்விடும். மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்பில் 3 சதவீதத்துக்குள். அதனால் நூறு கலோரிச் சுண்டலும் நூறு கலோரி வனஸ்பதியும் உடம்பில் ஒரே மதிப்பைப் பெறுவதில்லை.

இரண்டாம் இடம் நம் நினைவு. எவ்வளவோ குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று வருந்திய சிலரை 1992-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. தாங்கள் சாப்பிட்டதாக எழுதிக்கொடுத்ததைவிட உண்மையில் உண்டது பெருமளவு அதிகம். எழுத்தில் விடுபட்டது சராசரியாக 47 சதவீதம். செய்த உடலுழைப்பையோ பாதிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று எண்ணக்கூடாது. தாளிக்க ஊற்றிய எண்ணெய், குழந்தை வைத்த மிச்சம், கடையில் நின்றபடி குடித்த டீ, இவை எவர் நினைவிலும் தங்குவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 30 கிராம், அதாவது 120 கலோரி. அதைச் சாப்பாடு என்று யார் எழுதுவார்கள்? பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணும் துல்லியமானதல்ல. அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருக்க அமெரிக்க விதிகளே இடம்தருகின்றன.

மூன்றாம் இடம்தான் எல்லாவற்றிலும் வியப்பானது. அது நம் உடம்பு.

செலவைச் சுருக்கும் உடம்பு

1944-இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். உலகப்போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம்தராத இளைஞர்களில் 36 பேர், பட்டினியில் வாடும் மக்களை எப்படி மீட்பது என்று உலகம் அறியட்டும் என்று தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி, கூடவே கட்டாய நடை. எடையில் கால் பங்கு கரைந்தது. ஓய்வில் உடம்பு செலவிடும் ஆற்றல் 40 சதவீதம் அளவுக்கு வீழ்ந்தது. உடல் சிறுத்ததற்கு ஏற்ற குறைவைவிட இது அதிகம். இதயம் மெதுவாகத் துடித்தது, கைகால் சில்லிட்டது, நடை தளர்ந்தது. நாளெல்லாம் உணவைப் பற்றியே பேசினார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

வருமானம் குறைந்த குடும்பம் வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொள்வதுபோல உடம்பும் செய்கிறது. வரவில் 500 கலோரியை வெட்டினால், செலவு அப்படியே நிற்கும் என்று காகிதக் கணக்கு எண்ணுகிறது. உடம்போ தன் செலவையும் குறைத்துப் பசியையும் கூட்டிவிடுகிறது. எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மளமளவென்று இளைத்த 14 பேரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் ஆறாண்டு கழித்து அளந்தார். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வில் அவர்கள் உடம்பு செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. அவசரமாகப் பட்டினி கிடந்து இளைப்பவர்கள் மறுபடி பெருப்பதற்கு மனவுறுதி இல்லாததே காரணம் என்று பழிப்பது எவ்வளவு அநியாயம் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

உழைப்பின் கணக்கிலும் இதே கதை. வெளியுலகில் நடமாடும் மனிதர் செலவிடும் ஆற்றலை இன்று ஒரு குவளை நீரைக் கொண்டே அளக்கிறார்கள். அதில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான அணுக்கள் கலந்திருக்கும். ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தைச் சிறுநீரில் அளந்து கழித்தால், மூச்சில் போன வாயு தெரியும்; அதிலிருந்து எரிந்த ஆற்றலும் தெரியும். இந்த முறையால் ஹெர்மன் பொன்ட்சரும் சகாக்களும் தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தை அளந்து 2012-இல் எழுதினார்கள். நாளெல்லாம் கிழங்கு தோண்டியும் வேட்டையாடியும் அலையும் அவர்கள், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், நகரத்து அலுவலகக்காரர் செலவிடும் அளவே செலவிட்டார்கள். உழைப்பு கூடும்போது உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது. 29 நாடுகளின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் திரட்டிய 2021-ஆம் ஆண்டு ஆய்வு, இருபது வயதிலிருந்து அறுபது வரை ஆற்றல் செலவு, உடல் அளவுக்கு ஏற்ப, ஏறத்தாழ மாறாமலே இருப்பதாகக் கண்டது. நாற்பதில் வயிறு முன்தள்ளினால் வயதின்மீது பழிபோட முடியாது.

நடைக்கு மதிப்பில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் எலும்புக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் நடை செய்யும் நன்மை எந்தக் கலோரிக் கணக்கிலும் வராது. வடையைத் தின்றுவிட்டு அதை நடந்தே தீர்த்துவிடலாம் என்ற பேரம்தான் செல்லாது.

உடம்பில் கரைகிற கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையில் என்பார்கள் பலர். சூட்டில் உருகிவிடும் என்பார்கள் சிலர். 2014-இல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் அந்த வேதியியலைக் கணக்கிட்டு எழுதினார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ நீராகிறது. இளைத்தவர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் தம் நுரையீரல் வழியே காற்றுக்குக் கொடுத்திருக்கிறார்! லவாய்சியர் சொன்னது எவ்வளவு முழுமையான உண்மை.

எண்ணுவதா, வேண்டாமா?

கலோரி உண்மை, நம் எண்ணிக்கையோ தோராயம். இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வழி தெளிவாகிறது. எண்ணுவதைக் கற்றுக்கொள்வதற்கான கருவியாக வைக்கலாம், வாழ்நாள் சட்டமாக்கக் கூடாது.

இரண்டு வாரம் நேர்மையாக எழுதிப் பார்ப்பவருக்கு, கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நூறு கிராம் சோறு ஏறத்தாழ 130 கலோரி. அதன்மேல் ஊற்றும் மூன்று தேக்கரண்டி நெய் கிட்டத்தட்ட அதே அளவு. வெள்ளரி, சுரை, கீரை இவற்றைத் தட்டு நிறைய வைத்தாலும் எண் ஏறுவதில்லை. கண் இவ்வளவு பழகிவிட்டால் பிறகு எழுதவேண்டியதில்லை. அதன்பின் எண்ணைவிட உணவின் தன்மைக்கே அதிக வேலை. 2019-இல் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலைகளில் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, 0.9 கிலோ ஏறினார்கள். சமைத்த உணவில் அதே அளவு இறங்கினார்கள். அங்கே எவரும் எண்ணவில்லை, உணவே பசியை நடத்திச் சென்றது. காய், கீரை, கிழங்கு, பழம் இவையே தட்டில் பாதியாக இருக்கட்டும் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வதன் பொருளும் இதுதான்.

சிலர் எண்ணவே கூடாது. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டு அஞ்சத் தொடங்கிய இளம்பெண்கள். தோழிகள் பேச்சைக் கேட்டு 1,200 கலோரிக்குள் ஒடுங்கப் பார்க்கும் கல்லூரி மாணவிக்கு, மினசோட்டா இளைஞர்களை வாட்டியது 1,570 என்பதை யாராவது சொல்லவேண்டும். அவள் உடல் சிறியதாயிருக்கலாம், ஆனால் எலும்பும் ரத்தமும் மூளையும் கேட்பதை அந்த வயதில் மறுப்பது பெரிய இழப்பு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைப்பது ஆபத்து.

மற்றவர்களுக்கு, செயலியே இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று பாருங்கள். நால்வர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், ஏறத்தாழ 340 கலோரி. மூன்று லிட்டராகக் குறைந்தால் 205. வித்தியாசம் 135 கலோரி. உடம்பு செலவைச் சுருக்குவதையும் சேர்த்து கெவின் ஹால் 2011-இல் ஒரு கணக்கு தந்தார். நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைந்தால், காலப்போக்கில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி ஓராண்டில், பெரும்பகுதி மூன்றாண்டில். அப்படிப் பார்த்தால், மற்றவை மாறாத நிலையில், அந்த வீட்டின் பெரியவர் ஒருவர் மூன்றாண்டில் ஐந்து கிலோவுக்கு மேல் இறங்கலாம். யாரும் பசித்திருக்க வேண்டியதில்லை, எவர் தட்டையும் எவரும் கண்காணிக்க வேண்டியதில்லை. செம்பு அறைக்குள் பிறந்த எண்ணை இப்படி மாதம் ஒருமுறை மளிகைப் பட்டியலில் பயன்படுத்தினால், அது குடும்பம் முழுவதற்கும் நன்மை செய்யும்.